நாளைக்கு என்ன டே?

வீடு பார்க்க வந்தீங்களா? அந்தக் கடைசி வீடுதானுங்க. பூட்டித்தான் கெடக்குது. சாவி ஓனரம்மாகிட்ட இருக்குது. அவங்க ரேஷன் கடைக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க. வெயில்ல எதுக்கு நிக்கறீங்க, இப்படி உள்ள வந்து உட்காருங்க. அந்த மூட்டையைத் தள்ளிட்டு உட்காருங்க, ஒன்னும் ஆவாது, எல்லாம் பனியன்தான். சாயந்திரம் கம்பெனி வண்டி வர்றதுக்குள்ள இதுக்கெல்லாம் நூல் பிசிறு வெட்டி வெக்கணும். அதனால கை பாட்டுக்கு வெட்டிக்கிட்டு இருக்கும், வாய் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கும். தப்பா நெனச்சுக்காதீங்க.

நல்ல வீடுங்க. தண்ணிக்குப் பிரச்சினை இல்ல. பின்பக்கம் ஜன்னல் இருக்குது, காத்து வரும். அப்புறம் ஏன் இத்தனை நாளா காலியாக் கெடக்குதுன்னு கேப்பீங்க. நீங்க கேக்கலைன்னாலும் இந்த லைன் வீடுகள்ல நாலு பேரு தானா வந்து சொல்லுவாங்க. "தமயந்தியாலதான் அந்த வீடு காலியாச்சு"ன்னு சொல்லுவாங்க. நான்தானுங்க தமயந்தி. அவங்க வாயால கேக்கறதுக்கு என்கிட்டயே கேட்டுக்குங்க. நான் ஒன்னையும் மறைக்க மாட்டேன்.

இந்த லைன்ல இருக்கிற புள்ளைங்க எல்லாம் முக்கு ரோட்டு இங்கிலீஷ் ஸ்கூல்லதான் படிக்குது. உங்க புள்ளையையும் அங்கயேதான் சேர்ப்பீங்க, வேற எங்க போவீங்க. நல்ல ஸ்கூல்தான். ஆனா அவங்க படுத்துற பாடு இருக்குதே! புள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறதோட நிறுத்த மாட்டாங்க. நமக்கும் தினம் ஒன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. போன்ல ஒரு ஆப். சாயந்திரம் ஆனா டிங்குன்னு ஒரு சத்தம். டியர் பேரண்ட்ஸ். இன்னிக்கு இந்தப் பாடம் நடத்துனோம், நாளைக்கு இந்தப் பாடம், நாளைக்கு யெல்லோ டே. யெல்லோ டேன்னா புள்ளை மஞ்சச் சட்டை போட்டு, மஞ்சளா ஒரு பழம் கொண்டு போகணும். அடுத்த வாரம் ஃப்ரூட் டே. அதுக்கடுத்து சேவ் வாட்டர் டே, தண்ணிச் சொட்டு மாதிரி அட்டையில வெட்டி நெத்தியில கட்டி விடணும். ஏனுங்க, நம்ம காலத்துல ஸ்கூலுக்குப் போனா பரீட்சை ஒன்னுதான், சுதந்திர தினத்துக்கு ஒரு மிட்டாய். இப்ப நாளுக்கொரு டே.

அத்தனையும் இங்கிலீஷ்ல வரும். இங்க இருக்கிற பொம்பளைங்க பாதிப்பேரு காலையில எட்டு மணிக்குக் கம்பெனிக்குள்ள போனா ஓவர்டைம் முடிச்சுத்தான் வெளிய வருவாங்க. இங்கிலீஷுக்கு எங்க போவாங்க? நான் ஒருத்திதான் பி.காம் முதல் வருசம் வரைக்கும் படிச்சவ. முடிக்கல. முடிக்க விடல. அது வேற கதை. ஆனா படிச்ச படிப்பு எங்கயும் போயிறலையே.

அதனால எல்லாரும் என்கிட்டத்தான் வருவாங்க. தண்ணி புடிக்கிற நேரத்துல குழாயடியில நான் போய் நின்னாப் போதும். "அக்கா, நாளைக்கு என்ன டே?" "தமயந்தியக்கா, என்ன கொண்டு போகணும்?" அப்படியே சுத்தி நின்னுக்குவாங்க. ஜெகதா, பரிமளா, அந்தப் பக்கத்து லைன் பொம்பளைங்க கூட. நான் நியூஸ் வாசிக்கிற மாதிரி ஒவ்வொன்னா சொல்லுவேன். என் குடம் நெறைஞ்சு வழியும், யாராவது ஒருத்தி குழாயை மூடுவா. எனக்கு அது ரொம்பப் புடிச்சிருந்துச்சுங்க. வீட்டுல நான் என்ன சொன்னாலும் காதுல வாங்க ஆள் இல்ல. எங்க வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர், வந்தா சாப்புடுவாரு, தூங்குவாரு. என் வாயிலிருந்து வர்ற வார்த்தைக்கு நாலு பேரு காத்துக்கிட்டு நின்னாங்கன்னா அது அந்தக் குழாயடியிலதான்.

அப்படியே ஒப்பிச்சுருவேன்னு நெனைக்காதீங்க. ஆளுக்குத் தகுந்த மாதிரிதான் சொல்லுவேன். இப்ப சார்ட், தெர்மகோல், மினுக்குற பேனா, கலர் பேப்பர் எல்லாம் கொண்டு வரச் சொல்லியிருப்பாங்க. ஜெகதாகிட்டப் போய் அதையெல்லாம் சொன்னா பாவம், கடை கடையா அலைவா. "ஒரு சார்ட் போதும் ஜெகதா"ன்னு முடிச்சுருவேன். அவ பையன் வெறும் சார்ட்டோட போய் நின்னானாம், மிஸ் ஏதோ கேட்டாங்களாம். அதனால யாரு செத்துப் போனாங்க? பரிமளா பொண்ணு கணக்குல வீக்குன்னு வந்தா அதைப் பரிமளாகிட்டச் சொல்ல மாட்டேன், அவ புள்ளையைப் போட்டு அடிப்பா. எது யாருக்குத் தேவையோ அதைச் சொல்லணும். தபால்காரன் வேலையா இது? கொஞ்சம் மனசாட்சியோட செய்யற வேலைங்க.

அந்தக் கடைசி வீட்டுல இருந்தவ பேரு இருளாயி. பரமக்குடிப் பக்கம். புருசன் லாரி ஆபீஸ்ல லோடு ஏத்தறவரு. இவ கம்பெனியில கைமடி. டெய்லர் தைச்சுப் போடப் போட எடுத்து அடுக்கிக் குடுக்கிற வேலை. பாவம், தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. போனும் பட்டன் போன்தான், ஆப்பெல்லாம் வராது. ஒரே பொண்ணு, யாழினி. அரசாங்கம் இலவசமா சேர்க்கச் சொல்ற ஒதுக்கீடு இருக்குதில்ல, அதுல எடம் கெடைச்சு ஒன்னாவதுலயே என் பொண்ணு தன்ஷிகா கிளாஸ்ல வந்து சேர்ந்துச்சு. இது நடந்தப்ப மூணாவது. ரெண்டும் ஒட்டிக்கிட்டே திரியும். ஒன்னா வேன்ல ஏறும், ஒன்னா எறங்கும். இந்தப் படியில உட்கார்ந்து அந்தப் புள்ள என்ற பொண்ணுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கும். என் பொண்ணுக்கு, நான் இருக்கையில! எனக்குச் சிரிப்பா வரும்.

அந்தப் புள்ள நல்லாப் படிக்கும், இல்லைங்கல. கடை போர்டு, பஸ் போர்டு, சோப்புக் கவர், எதைப் பார்த்தாலும் படிக்கும். அவங்க கிளாஸ் ரோஸ்லின் மிஸ்ஸுக்கு அந்தப் புள்ளைன்னா உசுரு. ஆப்ல வாரத்துக்கு ஒருக்கா "இந்த வாரம் நல்லா வாசிச்ச குழந்தை"ன்னு ஒன்னு போடுவாங்க. பெரும்பாலும் யாழினின்னுதான் வரும். அதை இருளாயிகிட்டச் சொல்லணுமான்னு நான் ரொம்ப யோசிச்சேனுங்க. சொன்னா அவளுக்குத் தலைக்கனம் வந்துரும், புள்ளைக்குக் கண்ணு பட்டுரும். அதனால சொல்லறதில்ல.

அரைப் பரீட்சைக்கு முன்னாடி ஒரு மெசேஜ் வந்துச்சு. வர்ற வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு ஒருத்தர் கிளாசுக்கு வரணும். அப்பாவோ அம்மாவோ. உங்க புள்ளை உங்க பக்கத்துல உட்கார்ந்து, இது வரைக்கும் என்னென்ன கத்துக்கிச்சுன்னு உங்களுக்குச் சொல்லிக் குடுக்கும். ஒரு பக்கம் படிச்சுக் காட்டும், ஒரு கணக்குப் போட்டுக் காட்டும். நீங்க ஒன்னும் கொண்டு வர வேண்டாம், வந்து உட்கார்ந்தாப் போதும். அவ்வளவுதான் மெசேஜ்.

நான் பரிமளாகிட்டச் சொல்லிட்டேன். லைன்ல மூணாவது படிக்கிறது மூணு புள்ளைங்கதான், என்னுது, பரிமளாவோடது, இருளாயியோடது. பரிமளாவுக்கு நைட் ஷிப்ட், அவ வந்துருவா. இருளாயிகிட்டத்தான் சொல்லல.

ஏன்னு கேளுங்க. அரை நாள் சம்பளம் போயிரும் அவளுக்கு. அந்த சூப்பர்வைசர் லேசுப்பட்ட ஆள் இல்ல, இவ லீவு கேட்டா திட்டுவான். போனாலும் அங்க என்ன? புள்ள இங்கிலீஷ்ல படிக்கும், இவ பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. சுத்தி எல்லா அம்மாக்களும் பார்ப்பாங்க. அந்த அவமானம் அவளுக்கு எதுக்கு? அவ நல்லதுக்குத்தான். சத்தியமா அவ நல்லதுக்குத்தானுங்க.

அவளே வந்து கேட்டா. இதுதான் எல்லாரும் புடிச்சுக்கிட்டது. வியாழக்கிழமை, பரிமளா நைட் ஷிப்டுக்குப் போனதுக்கப்புறம், குழாயடியில வந்து நின்னுக்கிட்டு, "அக்கா, நாளைக்கு அம்மாமாரு பள்ளிக்கூடத்துக்கு வரணும்னு பிள்ளை சொல்லுது. ஒங்களுக்கு மெசேஜ் ஏதும் வந்துச்சா?"ன்னு கேட்டா.

நான், "அப்படி ஒன்னும் வரலையே. வந்திருந்தா உனக்குச் சொல்லாம இருப்பனா?"ன்னேன்.

வாயில வந்துருச்சுங்க. அவ்வளவுதான். அந்த நேரத்துல வேற என்ன சொல்றது? வந்துச்சுன்னு சொன்னா, ஏன் முன்னாடியே சொல்லலைம்பா.

அந்தப் புள்ள பக்கத்துலயே சின்னக் குடத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. "இல்ல ஆன்ட்டி, மிஸ் சொன்னாங்க. எல்லாரோட அம்மாவும் வரணும்னு சொன்னாங்க. போன்ல அனுப்பியிருக்கேன்னு சொன்னாங்க"ன்னுச்சு.

"அக்காவே வரலைங்கிறாக. நீ என்னடி பெரிய மனுசி? லீவு போட வைக்கப் பொய் சொல்றியா?"ன்னு இருளாயி அந்தப் புள்ள முதுகுல ஒன்னு வெச்சா. மறுபடியும் ஒன்னு. எனக்கே தாங்கல. "அடிக்காத இருளாயி, சின்னப் புள்ளைங்க ஏதாவது சொல்லும்"னு நான்தான் நடுவுல பூந்து தடுத்தேன். அதை இப்ப யாராவது சொல்றாங்களா பாருங்க. சொல்ல மாட்டாங்க.

மறுநாள் போனேன். கிளாஸ்ல குட்டிக் குட்டி பெஞ்சு, பெரியவங்க எல்லாம் முட்டியை மடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. ஒவ்வொரு அம்மா பக்கத்துலயும் ஒரு புள்ள. கிளாசே கசமுசன்னு படிக்குது. தன்ஷிகா என் பக்கத்துல உட்கார்ந்து படம் இருக்கிற பக்கமாத் திருப்பிக்கிட்டிருந்தா. "படி கண்ணு"ன்னா, "நீயே படிம்மா"ன்னா. அவளுக்குக் கூச்சம். வீட்டுல நல்லாப் படிப்பா, நாலு பேரு முன்னாடி வராது. மிஸ் வந்து தட்டிக் குடுத்துட்டுப் போனாங்க. எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

யாழினி முன்னாடி பெஞ்சுல தனியா உட்கார்ந்திருந்தா. நோட்டெல்லாம் அடுக்கி வெச்சு, பென்சில் சீவி வெச்சு, அந்த மேல் நோட்டு ஓரத்துல சுருக்கம் விழுந்திருந்ததை விரலால நீவிக்கிட்டே வாசலைப் பார்த்துக்கிட்டிருந்தா. ரெட்டை ஜடை, புது ரிப்பன். மிஸ் என்னைப் பார்த்து, "யாழினி அம்மா உங்க பக்கத்து வீடுதானே, வரலையா?"ன்னு கேட்டாங்க. "கம்பெனியில லீவு குடுக்கலையாம் மிஸ்"னேன். அந்தப் புள்ள திரும்பி என்னைப் பார்த்துச்சு.

மிஸ் நல்லவங்க. "அப்ப நீங்களே கொஞ்ச நேரம் அவ பக்கத்துல உட்காருங்க, அவ உங்களுக்குப் படிச்சுக் காட்டட்டும். ரொம்ப நாளா இதுக்காகத் தயாராகியிருக்கா"ன்னாங்க. நான் மாட்டேன்னு சொல்லலையே! எழுந்து போய் உட்கார்ந்தேன். "படி கண்ணு, ஆன்ட்டி கேக்கறேன்"னு தலையைத் தடவுனேன். அந்தப் புள்ள புக்கை மூடிட்டா. மிஸ் வந்து சொல்லியும் தெறக்கல. எங்க அம்மா வந்தாத்தான் படிப்பேன்னு கூடச் சொல்லல. ஒரு வார்த்தை பேசணுமே! அந்த வயசுல அவ்வளவு அழுத்தம். எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அப்புறம் சரி, என் பொண்ணும் படிக்கல, அவளும் படிக்கல, ரெண்டும் ஒன்னாப் போச்சுன்னு எழுந்து வந்துட்டேன்.

அன்னிக்கு சாயந்திரமே தன்ஷிகா போய்ச் சொல்லிட்டா. என் பொண்ணுங்க! என் வயித்துல பொறந்தது! இருளாயி கம்பெனி விட்டு வந்து எறங்குறா, இவ ஓடிப்போய், "அத்தை, யாழினி பொய் சொல்லல. மெசேஜ் வந்துச்சு. எங்கம்மா எனக்குப் படிச்சுக் காட்டுச்சு"ன்னுட்டா.

இருளாயி இந்த வாசல்ல வந்து நின்னா. கத்துவா, மண்ணை வாரித் தூத்துவான்னு நெனச்சேன். லைனே வெளிய வந்து நின்னுருச்சு. அவ மெதுவா, "அக்கா, அந்த மெசேஜைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க"ன்னா. நான் என்ன பண்றது, போனை எடுத்து இங்கிலீஷ்ல படிச்சுத் தமிழ்ல சொன்னேன். "முதல்ல ஒன்னு சொன்னீகளே, டியர் பேரண்ட்ஸ். அதுக்கு என்னக்கா அர்த்தம்?" அன்பான பெற்றோரேன்னு அர்த்தம்னேன். "அதுல நானும் உண்டாக்கா?"ன்னு கேட்டா.

உண்டுதான்னேன்.

"சரிக்கா"ன்னு போயிட்டா. அவ்வளவுதான். ஒரு சண்டை போட்டிருக்கலாமில்ல? ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை திட்டியிருப்பேன், மறுநாள் குழாயடியில சரியாயிருக்கும். இந்த லைன்ல எத்தனை சண்டை பார்த்திருக்கோம். அவ அதுக்குக் கூட எடம் குடுக்கல. அதுதான் எனக்கு ஆத்திரம்.

அதுக்கப்புறம் யாழினி கிளாஸ்ல வாயே தொறக்கறதில்லைன்னு பரிமளா பொண்ணு சொல்லுச்சு. மிஸ் படிக்கச் சொன்னா எழுந்து நிக்குமாம், சும்மா நிக்குமாம். மிஸ் இருளாயியை வரச் சொல்லிப் பேசினாங்களாம். பொங்கலுக்கு ஊருக்குப் போனவங்க வீட்டைக் காலி பண்ண மட்டும்தான் வந்தாங்க. சாமான் ஏத்தும்போது இருளாயி ஓனரம்மாகிட்டச் சொன்னாளாம், "எம் பிள்ளை சொன்னது நிசமா பொய்யான்னு கூட எனக்குத் தெரியலைம்மா. ஊர்ப் பள்ளிக்கூடம்னா வாத்தியாரு வாசல்ல வந்து நின்னு தமிழ்ல சொல்லிட்டுப் போவாரு. நான் எம் பிள்ளைய நம்பாம அடிச்சுட்டேனே"ன்னு. அங்க எந்த ஸ்கூல்ல சேர்த்தாங்களோ, சேர்த்தாங்களோ இல்லையோ. அந்தப் புள்ள மறுபடி வாய் தொறந்து படிச்சுச்சான்னு யாரும் எனக்குச் சொல்லல. நான் யாரைக் கேக்கறது?

இதுக்குப் பிறகு ரோஸ்லின் மிஸ் எல்லாத்தையும் தமிழ்ல பேசி அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. போனைத் தட்டுனா மிஸ் குரல்லயே வருது. குழாயடியில எல்லாரும் போனைக் காதுல வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. நான் போனா பேச்சை நிறுத்திருவாங்க. என் குடம் நெறைஞ்சா நானே மூடிக்கறேன்.

சரி, நமக்கும் குரல் வருமில்ல, கேட்டுக்கலாம்னு பார்த்தா, வரல. ஒரு வாரம் பார்த்தேன். ஆபீஸ்ல போய்க் கேட்டா, "நம்பரை மாத்திட்டோமே. உங்க வீட்டுக்காரர் வந்து எழுதிக் குடுத்துட்டாரே"ங்கறாங்க. வீட்டுல கேட்டா இவரு நிமிர்ந்து கூடப் பார்க்கல. "பாப்பாதான் சொன்னா. உன் போனுக்கு வர வேண்டாம், என் போனுக்கு வரட்டும்னு. எனக்கென்ன, வந்துட்டுப் போகுது."

எட்டு வயசுப் புள்ளைங்க. நானா அவளை உட்கார வெச்சுக் கேட்டேன். "ஏன் கண்ணு அப்படிச் சொன்னே?" "ஒன்னுமில்லம்மா." "இன்னிக்கு என்ன பாடம்?" "ஒன்னுமில்லம்மா." "மிஸ் என்ன சொன்னாங்க?" "ஒன்னுமில்ல." அடிச்சுக் கூடப் பார்த்தேன். அழல. அதே ஒன்னுமில்ல. சோறு போட்டா சாப்புடறா, தலை சீவி விட்டா நிக்கறா. ஸ்கூலைப் பத்தி மட்டும் வாய் தொறக்க மாட்டேங்கறா. யாழினிகிட்டக் கத்துக்கிட்டது, வேற என்ன.

இன்னிக்குக் காலையில வெள்ளைக் கவுன் போட்டுக்கிட்டுப் போனா. புதுசு. இவர் வாங்கிட்டு வந்திருக்காரு. கையில ஒரு கவர், வாயை முடிச்சுப் போட்டு வெச்சிருந்தா. லைன்ல எல்லாப் புள்ளைங்களும் வெள்ளை. என்ன டேன்னு தெரியல. பரிமளாகிட்டக் கேட்டேன். "உங்க பொண்ணுகிட்டக் கேளுங்கக்கா"ன்னு கதவைச் சாத்திட்டா. காலையிலிருந்து இதே யோசனைதான். வெள்ளைன்னா என்னவா இருக்கும்? டான்ஸா? நாடகமா? பேச்சுப் போட்டியா? இவ பேசுனாளா? வந்துச்சா அவளுக்கு?

அதனாலதானுங்க உங்களைக் கேக்கறேன். நீங்க இந்த வீட்டுக்கு வாங்க. வாடகையைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லி நானே ஓனரம்மாகிட்டப் பேசறேன். உங்க புள்ளையை அந்த ஸ்கூல்ல சேர்த்தீங்கன்னா உங்களுக்கு அந்தக் குரல் வருமில்ல, அதை எனக்கு ஒருக்காப் போட்டுக் காட்டுங்க. வேற ஒன்னும் வேண்டாம். நாளைக்கு என்ன டே, அது மட்டும். என்ன புள்ளைங்க உங்களுக்கு? பையனா, பொண்ணா?

என்னுங்க?

ஓ... இல்லீங்களா. கல்யாணமாகி எத்தனை... இல்ல, விடுங்க. நான் பாட்டுக்கு வந்ததிலிருந்து புள்ளை, ஸ்கூலுன்னு பேசிக்கிட்டே... நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல. நான் எங்க கேட்டேன். தண்ணி குடிக்கறீங்களா? இந்தாங்க, குடிங்க. மனசுல வெச்சுக்காதீங்க.

ஓனரம்மா இன்னும் வரல பாருங்க.

அந்த ஹார்ன் ஸ்கூல் வேன்தான். வந்துருச்சு. ஏனுங்க, எனக்கு ஒரே ஒரு உதவி. நீங்க அப்படியே வாசப்படியில போய் நில்லுங்க. முதல்ல எறங்கி வர்ற வெள்ளைக் கவுன்தான், நெத்தியில சின்னத் தழும்பு இருக்கும். இன்னிக்கு ஸ்கூல்ல என்ன பாப்பா, நீ என்ன பண்ணுனேன்னு கேளுங்க. புது ஆளுகன்னா நல்லாப் பேசுவா. எங்க உங்கம்மான்னு மட்டும் கேட்டுறாதீங்க. நான் இந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கறேன். அவ குரல் சன்னமா இருக்கும், வாசலுக்குக் கிட்டக்க நிக்க வெச்சுக் கேளுங்க.